பார்த்துவாங்கியும் ஒரு ரூட்டரும்

மீன்கொத்தி மீனைக் கொத்தும். மரங்கொத்தி மரத்தைக் கொத்தும். பார்த்துவாங்கி என்று ஓர் இனம் இருக்கிறது. அது பார்க்கும். வாங்காது.

இந்தப் பெயரை வைத்தது நான்தான். பறவை நூல்களைப் புரட்ட வேண்டாம். கடையில் ஒரு மின்விசிறிக்கு முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஓவியக் கண்காட்சிக்கு வந்தவரைப் போல நிற்பாரே, அவர். "சார், பேக் பண்ணிடலாமா?" என்று விற்பனையாளர் கேட்டதும் சுடுதண்ணீர் பட்டதுபோல ஓரடி பின்வாங்கி, "இல்லப்பா, சும்மா பார்க்க வந்தேன்" என்பாரே, அவர். வீட்டில் தலைக்கு மேல் பழைய விசிறி கடகடவென்று ஆடிக்கொண்டிருக்க, அதன் கீழேயே உட்கார்ந்து வேர்வையைத் துடைத்தபடி, புது விசிறிகளின் இறக்கை எத்தனை பாகை வளைந்திருந்தால் நல்லது என்று கைபேசியில் வாசித்துக்கொண்டிருப்பாரே, சாட்சாத் அவரேதான்.

கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சனுக்குக் கையில் இருப்பது போய்விடுமே என்று கவலை. இவருக்கு அந்தக் கவலை கிடையாது. சோம்பேறி என்றும் சொல்ல முடியாது. ஒரு பொருளை வாங்காமல் இருப்பதற்கு இவர் படுகிற பாட்டில் பாதி பட்டால் அந்தப் பொருளை இவரே செய்து முடித்திருக்கலாம். அப்படியானால் இவருக்கு என்னதான் கோளாறு?

ஒரு மாதிரியை எடுத்துப் பார்த்துவிடுவோம். அதற்காக நான் வெளியே அலைய வேண்டியதில்லை. என் தங்கை வீட்டுக்காரரே இருக்கிறார்.

மாப்பிள்ளை ஒரு தொழிற்சாலையில் கொள்முதல் அதிகாரி. ஆமாம், கொள்முதல். சிரிக்காதீர்கள். அலுவலகத்தில் மூன்று நிறுவனங்களிடம் விலை கேட்டு, குறைந்ததைத் தேர்ந்தெடுத்து, கையெழுத்துப் போட்டு, ஒரு வீடு உயரக் கொதிகலனைக் காலைக் காபி ஆறுவதற்குள் வாங்கிவிடுவார். அங்கே விதி இருக்கிறது, விதியே வாங்கிக்கொள்ளும். வீட்டுக்கு வந்துவிட்டால் விதி இல்லை, இவர்தான் இருக்கிறார். குளியலறைக்கு ஒரு சோப்புப் பெட்டி வாங்கத் தொடங்கி, ஓட்டை அடியில் இருப்பது நல்லதா பக்கவாட்டில் இருப்பது நல்லதா என்று தீர்மானம் ஆவதற்குள், அந்த வீட்டில் எத்தனை சோப்பு தரையிலேயே கரைந்தது என்று என் தங்கையைக் கேட்டால் சொல்வாள்.

தங்கை கட்டட வரைபடம் வரைகிறவள். வீட்டின் பின்பக்கம், சமையலறையைத் தாண்டி, முன்பு தட்டுமுட்டுச் சாமான் போட்டிருந்த இரண்டு அறைகளைத்தான் அலுவலகமாக்கியிருக்கிறாள். அவளும், உதவிக்கு ஒரு பெண்ணும். இரண்டு பெரிய திரைகள், அவற்றுக்குக் கீழே நகர்த்தவே முடியாத ஒரு கனத்த கணினி, சுவரெல்லாம் ஒட்டிய மாடிப்படி, கழிவறை, வாசல். தொழில் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஒரே ஒரு குறையைத் தவிர. இணைய இணைப்பு வந்து இறங்குவது வீட்டின் முன்கூடத்தில், தெருப் பக்கத்து ஜன்னல் ஓரம். இணைப்பு கொடுத்தவர்கள் சும்மா கொடுத்துவிட்டுப் போன சோப்புக்கட்டி அளவுப் பெட்டி ஒன்று அங்கே ஆணியில் தொங்கியது. அதிலிருந்து கிளம்பும் வைஃபை முன்கூடத்தைத் தாண்டி, மீன்தொட்டியைத் தாண்டி, இரும்பு பீரோவைத் தாண்டி, சமையலறைச் சுவரில் முட்டிக்கொண்டு, அலுவலக வாசலுக்கு வரும்போது மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். கைபேசிச் சிக்னலோ அந்த அறைகளுக்குள் எட்டியே பார்க்காது.

ஒருநாள் வீடு கட்டப் போகிற ஒரு தம்பதிக்கு இணையத்தில் வரைபடத்தை விளக்கிக்கொண்டிருந்தாள். "மாடிப்படி இந்தப் பக்கம் திரும்பி..." என்று சொன்னவள் திரையில் அப்படியே உறைந்துபோனாள், வாய் பிளந்தபடி, ஒரு கண் பாதி மூடியபடி. மாடிப்படி எந்தப் பக்கம் திரும்பியது என்று அந்தத் தம்பதிக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவர்கள் வேறொருவரிடம் போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலம் தங்கை ஒரு தவறு செய்தாள். கணவரிடம் சொன்னாள்.

"என்னங்க, ஒரு நல்ல ரூட்டரா வாங்கிடுங்க. பின்னாடி வரைக்கும் எட்டணும். அவ்வளவுதான்."

மாப்பிள்ளையின் முகம் மலர்ந்ததாம். "இவ்வளவுதானே? வாங்கிடலாம்." ஒரு வாய் தண்ணீர் குடித்தாராம். "பார்த்து வாங்கலாம்."

முடிந்தது கதை.

முதலில் அவர் வாசித்தார். ரூட்டர் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கி வாசித்தார். சாப்பாட்டு மேசையில் வகுப்பு நடந்தது. இரண்டு அலைவரிசை உண்டு. ஒன்று மெதுவாகப் போகும், ஆனால் சுவரைத் துளைத்துக்கொண்டு போகும். இன்னொன்று வேகமாகப் போகும், ஆனால் சுவரைக் கண்டால் சுருண்டுவிடும். "ஒருத்தர் உன் அப்பா மாதிரி, ஒருத்தர் உன் மாமா மாதிரி" என்று தங்கை தன் மகளிடம் விளக்கினாளாம். இதில் நான் எந்த அலைவரிசை என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

பிறகு அளந்தார். கல்லூரியில் படிக்கும் மகளின் கையில் கைபேசியைக் கொடுத்து அறை அறையாக நடக்கவிட்டார். அவள் எண்களைக் கத்துவாள், இவர் ஒரு அட்டவணையில் நிரப்புவார்.

"அப்பா, பீரோ கிட்ட வந்துட்டேன். செத்துப்போச்சு."

"என்ன செத்துப்போச்சு? நம்பர் சொல்லும்மா."

"நம்பரே இல்லப்பா. அதான் செத்துப்போச்சுன்னேன்."

பீரோ நகர்ந்தது. அடுத்து மீன்தொட்டி. தண்ணீர் அலையை விழுங்கும் என்று எங்கோ வாசித்துவிட்டார். மீன்கள் மாடிப்படியின் கீழே குடிபெயர்ந்தன. சிக்னல் ஒரு கோடு கூடியது, மீன்களுக்கு வெளிச்சம் போயிற்று, தங்கைக்குப் பொறுமை போயிற்று. "ரூட்டரை வாங்கச் சொன்னா வீட்டையே காலி பண்றீங்களே!" மீன்கள் திரும்பி வந்தன.

அதன் பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது: வாங்கியவர்களின் விமர்சனங்களை வாசிப்பது. இங்கே பார்த்துவாங்கியின் ஓர் உள்ளுறுப்பைக் கவனியுங்கள். ஒரு பெட்டியை ஆயிரம் பேர் ஆகா ஓகோ என்று புகழ்ந்திருப்பார்கள். அவர்கள் எல்லாம் விளம்பரக்காரர்கள். எங்கோ ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டு, "வாங்கி இரண்டே வாரம், போய்விட்டது" என்று எழுதியிருப்பார், அவர்தான் சத்தியவான். ஊர் பேர் தெரியாத அந்த மனிதருக்காக மாப்பிள்ளை சாப்பாட்டு மேசையில் வருந்துவார். "பாவம், மூணாவது மாடியில இருக்காராம். ரெண்டு தடவை மாத்தியும் சரியா வரலையாம்." என் சித்தப்பா இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தபோது இவர் எத்தனை முறை விசாரித்தார் என்று கேட்டால் குடும்பத்தில் சண்டை வரும், விட்டுவிடுவோம்.

யாரைப் பார்த்தாலும் கேட்டார். அலுவலகத்தில் கேட்டார், முடிவெட்டுகிறவரிடம் கேட்டார், பல் மருத்துவரிடம் வாயைத் திறந்துவைத்துக்கொண்டே கேட்டார். கேட்டவர்கள் எல்லாம் ஒவ்வொன்று சொன்னார்கள், ஒவ்வொன்றும் அட்டவணையில் ஒரு வரிசையானது. அட்டவணை வளர்ந்தது. ஆன்டெனா எத்தனை, சுவரில் மாட்டலாமா, சூடாகுமா, விளக்கு கண்ணை உறுத்துமா, ஓட்டை அடைந்தால் துடைப்பது எப்படி? எல்லாவற்றுக்கும் பத்தி இருந்தது. எப்போது வாங்குவது என்பதற்கு மட்டும் இல்லை.

நான் ஒருமுறை வாயைக் கொடுத்தேன். "மாப்பிள்ளை, முன்கூடத்துலேருந்து பின்னாடிக்கு ஒரு வயரை இழுத்து விட்டா ஆகாதா?"

அவர் என்னைக் கனிவோடு பார்த்தார். "நல்ல யோசனைதான் மச்சான். ஆனா எந்த வயர்? அதுலயே ஏழெட்டு வகை இருக்கே."

வயருக்கு ஒரு தனி அட்டவணை பிறந்தது. அதற்கு நான்தான் பொறுப்பு.

கடைக்கும் போனோம். தங்கை என்னைக் காவலுக்கு அனுப்பினாள். பெரிய கடை, சுவர் முழுக்கப் பெட்டிகள், சிலவற்றில் கவிழ்ந்த சிலந்தியைப் போல எட்டுக் கால்களும் மேலே. விற்பனையாளர் இளைஞர், உற்சாகமானவர், பாவம்.

"சார், இது டாப் மாடல். எட்டு ஆன்டெனா."

"ஆன்டெனா எண்ணிக்கையில என்னப்பா இருக்கு? சுவர் எத்தனைன்னுதானே பார்க்கணும்?"

"அப்போ இந்த மெஷ் செட் எடுத்துக்கோங்க சார். ரெண்டு மூணு சின்னப் பெட்டி. வீடு பூரா ஒரே பேர்ல வைஃபை ஓடும்."

"இதுல ரெண்டு பெட்டிக்கும் நடுவுல வயர் போட இடம் இருக்கா?"

"இருக்கு சார்."

"சுவர்ல மாட்டலாமா?"

"மாட்டலாம் சார்."

"சூடாகுமா?"

"ஆகாது சார்."

கேட்டதற்கெல்லாம் சரியான பதில். மாப்பிள்ளை பெட்டியைக் கையில் எடுத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பெட்டியோடு நடந்தார். வரிசையில் நின்றார். எங்களுக்கு முன்னால் ஒரே ஓர் அம்மாள். அவர் வாங்கியது ஒரு டார்ச் விளக்கு. அவர் பில்லை வாங்கிக்கொண்டு நகர்ந்தார். பில் போடும் பெண் கையை நீட்டினாள். அந்தக் கணத்தில் மாப்பிள்ளை பெட்டியைத் திருப்பி, அடிப்பக்கத்தில் எறும்பு அளவு எழுத்தில் இருந்த எதையோ வாசித்தார்.

"போன வருஷம் தயாரிச்சது மச்சான்."

"அதனால என்ன? நீங்ககூடத்தான் போன வருஷத்துக்கு முன்னாடி தயாரிச்சது."

அவர் சிரித்தார். சிரித்தபடியே திரும்பிப்போய், பெட்டியை அது இருந்த இடத்தில், அது இருந்த கோணத்தில், வைத்துவிட்டு வந்தார். வெளியே வந்ததும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆபத்தான அறுவை சிகிச்சை தள்ளிப்போனவரின் முகம்.

திரும்பி வரும் வழியில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னதான் பயம் உங்களுக்கு? வெளிப்படையாச் சொல்லுங்க."

அவர் நடையைக் குறைத்தார். பிறகு, கிண்டல் செய்ய மனம் வராத ஒரு குரலில் சொன்னார்: "வாங்காத வரைக்கும் எல்லாமே நம்மளுது மச்சான். ஒண்ணை வாங்கிட்டா மத்ததெல்லாம் போயிடுது. அப்புறம் அந்த ஒண்ணும் சரியில்லைன்னா? தினமும் அதை உங்க தங்கச்சி பார்ப்பா. என்னையும் பார்ப்பா."

பார்த்தீர்களா? கஞ்சத்தனமும் இல்லை, சோம்பலும் இல்லை. மனைவி முன்னால் தப்பாகிவிடக் கூடாது என்று ஒரு மனிதர் வாங்காமலேயே தப்பாகிக்கொண்டிருந்தார்.

இதற்குள் தங்கையின் தொழில் இளைத்துவிட்டது. கையில் இருந்த வேலைகள் முடிந்தன, புதிதாக எதுவும் வரவில்லை. அப்போதுதான் ஒரு கண் மருத்துவர் அம்மா, சொந்தமாக ஒரு மருத்துவமனை கட்டப்போகிறவர், வரைபடத்துக்கு ஆள் தேடினார். தங்கை முன்மாதிரி ஒன்றை வரைந்து அனுப்பியிருந்தாள். அவருக்குப் பிடித்திருந்தது. கணினியில் அந்தக் கட்டடத்துக்குள் நடந்து போவதுபோலக் காட்டி விளக்க வேண்டும், இணையத்தில், மறுநாள் காலையில். இன்னொருவரும் போட்டியில் இருந்தார்.

தங்கை எனக்குத் தொலைபேசியில் பேசினாள். குரல் அடங்கியிருந்தது. "அண்ணா, இது வரலைன்னா அந்தப் பொண்ணை நிறுத்திடணும். அவ முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்றதுன்னே தெரியலை. நாளைக்கு நீ கொஞ்சம் வந்து இவரைப் பார்த்துக்கோ. லீவு போட்டிருக்கார். முடிவா ஒரு ஆராய்ச்சி பண்ணப் போறாராம்."

போனேன். முன்கூடத்தில் மாப்பிள்ளை கைபேசியும் அட்டவணையுமாக உட்கார்ந்திருந்தார். பின்னால் அலுவலகக் கதவு திறந்திருந்தது. மூடினால் இருக்கிற சிக்னலும் போய்விடும். கதவுக்கு முதுகைக் காட்டி, திரைக்கு முன்னால் தங்கை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உதவிப் பெண், கைகளை மடியில் கோத்துக்கொண்டு, தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவளைப் போல.

கூட்டம் தொடங்கியது. "இதுதாங்க வரவேற்பு இடம். இங்கேருந்து..." குரல் போயிற்று. வந்தது. மறுபடி போயிற்று. மருத்துவரின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது: "உங்க... தெரி... லைம்மா... அப்புறமா..."

அப்புறமா! அந்த ஒரு சொல் எப்படியோ முழுசாக வந்து சேர்ந்தது. உதவிப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். தங்கை திரும்பவில்லை, ஆனால் அவள் தோள்கள் தாழ்ந்ததை முன்கூடத்திலிருந்து நாங்கள் இருவருமே பார்த்தோம்.

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் அங்கே இல்லை. ஜன்னல் ஓரம் ஆணியில் தொங்கிய பெட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ மாடல்களை நிராகரித்த அதே கைகள் எதையும் ஒப்பிடாமல் வேலை செய்தன. பெட்டியின் பின்னால் சுருட்டி வைத்திருந்த கேபிளை உதறி நீட்டினார். நீள வயர் கொண்ட செருகுபலகையை என்னிடம் தள்ளி, "மச்சான், இதைப் பிடிச்சுக்கிட்டே கூட வாங்க. கரண்ட் ஒரு செகண்டுதான் போகணும்" என்றார். பெட்டியின் செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கிப் பலகையில் மாட்டினார். ஒரு செகண்டுதான் போயிற்று. பெட்டி திரும்ப உயிர்பெற்றுக் கண்சிமிட்டுவதற்குள் நாங்கள் மீன்தொட்டியைக் கடந்து, பீரோவைக் கடந்து, சமையலறை வாசலுக்கு வந்துவிட்டோம். அதற்குமேல் கேபிள் வராது. அலுவலகக் கதவு நேர் எதிரே. மாப்பிள்ளை பெட்டியை இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

நின்றார்.

உறைந்திருந்த திரை அசைந்தது. தொடர்பு மறுபடி வந்தது. தங்கை குரலைச் சரிசெய்துகொண்டு, "மன்னிச்சுக்கோங்க டாக்டர், வரவேற்பிலேருந்து பார்க்கலாம்" என்று தொடங்கினாள். திரையில் கட்டடத்தின் கதவு திறந்தது. நடைவழி வந்தது. நோயாளிகள் உட்காருமிடம், பரிசோதனை அறை, கண்ணில் மருந்து விட்டவர்கள் இடறாமல் இறங்கப் படிக்குப் பதிலாக ஒரு சரிவு. மாப்பிள்ளையின் கைகள் நடுங்க ஆரம்பித்தன. "நான் கொஞ்சம் பிடிக்கட்டா?" என்று கிசுகிசுத்தேன். தலையை ஆட்டி மறுத்தார். என் உயரம் போதாதாம்.

மருத்துவரின் குரல் தெளிவாக வந்தது. "ரொம்ப நல்லா இருக்கும்மா. அந்தச் சரிவு யாருமே யோசிக்காதது. ஆனா ஒண்ணு கேட்கணும். ரொம்ப நேரமாப் பார்க்கிறேன். உங்க பின்னாடி ஒருத்தர் கையைத் தூக்கிக்கிட்டு நிக்கிறாரே, யாரு அது?"

தங்கை திரும்பிப் பார்த்தாள். அதுவரை அவளுக்குத் தெரியாது. வேர்த்து விறுவிறுத்து, சட்டை மேலேறி, தலைக்கு மேல் மினுக்மினுக்கென்று ஒரு பெட்டியோடு தன் கணவர். 

"அவர்... எங்க வீட்டுக்காரர் டாக்டர்."

"கையில என்ன?"

"எங்க வீட்டு டவர்."

மருத்துவர் சிரித்த சிரிப்பில் திரை நடுங்கியது; சிக்னலால் அல்ல. "அய்யோ, இங்கயும் அதே பாடுதான். பழைய கட்டடம், தடிச் சுவர். கண்ணைப் படம் எடுக்கிற மெஷின் இந்த ரூம்ல, பார்க்கிற கம்ப்யூட்டர் அந்த ரூம்ல. படம் வர்றதுக்குள்ள நோயாளி தூங்கிடறார். ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, எதை வாங்கறதுன்னே தெரியலை."

எதை வாங்குவது! மாப்பிள்ளையின் காது நிமிர்ந்தது. அங்கிருந்தே கேட்டார், கைகளை இறக்காமல்: "எத்தனை ரூம் மேடம்? லைன் எந்தப் பக்கம் வருது? காத்திருக்கிறவங்களுக்கும் அதே வைஃபைதான் கொடுக்கறீங்களா?"

மருத்துவர் சொன்னார். மாப்பிள்ளை கேட்டுக்கொண்டார். பிறகு பேசினார் பாருங்கள்! "பெரிசா ஒண்ணு வாங்கி ஒரு மூலையில வைக்காதீங்க மேடம். ஆன்டெனா எத்தனை இருந்தாலும் உங்க சுவருக்கு முன்னாடி எடுபடாது. மெஷ்னு சின்னச் சின்னதா மூணு வாங்குங்க. அதுங்களை நடுவுல வயர் போட்டு இணைச்சிடுங்க. காத்துல விட்டா வேகம் பாதியாயிடும். காத்திருக்கிறவங்களுக்குத் தனிப் பேர்ல, தனிப் பாஸ்வேர்டு. உங்க மெஷின் இருக்கிற பக்கம் அவங்க வரவே கூடாது. புது வகை வைஃபை வந்திருக்கே, அதுதான் வேணும்னு யாராவது சொன்னா கேட்காதீங்க. உங்க மெஷினுக்கு அந்தப் பாஷையே தெரியாது. வீண்."

"அப்போ எந்த மாடல் வாங்கட்டும்?"

நானும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மாப்பிள்ளை கண்கூட இமைக்கவில்லை. ஒரு மாடலின் பெயரைச் சொன்னார். பெயர், எண், வண்ணம்கூட. நாங்கள் கடையில் திரும்ப வைத்துவிட்டு வந்த அதே பெட்டி.

"போன வருஷம் தயாரிச்சதா இருந்தாக்கூட யோசிக்காதீங்க மேடம். தைரியமா வாங்கலாம்" என்று வேறு சேர்த்தார்.

மருத்துவர் அன்று மத்தியானமே ஆள் அனுப்பி வாங்கிவிட்டார். வரைபட வேலையும் தங்கைக்கே வந்தது. டவரைப் பார்த்து இரக்கப்பட்டுக் கொடுத்தாரோ என்று சந்தேகப்பட வேண்டாம். அந்தச் சரிவுக்காகத்தான் என்று மருத்துவரே சொல்லியிருக்கிறார். உதவிப் பெண் சமையலறைக்குள் ஓடிப்போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளை தோள்களுக்குத் தைலம் தடவிக்கொண்டு சோபாவில் சாய்ந்திருந்தார்.

நான் மெதுவாகக் கேட்டேன். "மாப்பிள்ளை, அவங்களுக்குச் சொன்னதையே நமக்கும் ஒண்ணு வாங்கிட்டா?"

"அவங்க கேஸ் வேற மச்சான். நம்ம வீடு கொஞ்சம் சிக்கலானது." கண்ணை மூடிக்கொண்டார். "பார்த்துதான் வாங்கணும்."

 மறுநாள் மாப்பிள்ளை கொதிகலன் வாங்கப் போனதும் தங்கையும் உதவிப் பெண்ணும் கடைக்குப் போனார்கள். அதே பெட்டி, இரண்டு சிறியவை கொண்டது. கூடவே ஒரு சுருள் வயர். எந்த வகை என்று கடைக்காரர் கேட்டதற்கு, "நல்லதாக் குடுங்க" என்றாளாம். அவ்வளவுதான் அவள் செய்த ஆராய்ச்சி. சுவர் ஓரமாக வயரை அடித்து, ஒன்றை முன்கூடத்திலும் ஒன்றை அலுவலகத்திலும் மாட்டியபோது வீடு முழுக்கச் சிக்னல் ததும்பியது. மீன்தொட்டிக்குப் பின்னால், பீரோவுக்கு உள்ளே, எங்கே போனாலும்.

சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். சுவரைப் பார்த்தார். செருப்பைக் கழற்ற மறந்து அப்படியே நின்றார். நானும் அங்கேதான் இருந்தேன். தங்கை வரச் சொல்லியிருந்தாள், துணைக்கு.

 மாப்பிள்ளை கைபேசியை எடுத்துக்கொண்டு அறை அறையாக நடந்தார். போகும்போது வேகமாகப் போனார், வரும்போது மெதுவாக வந்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. சோபாவில் உட்கார்ந்து, அந்தக் கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தார். வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருக்கும்போது ஒரு மனிதர் மட்டும் எதையோ பறிகொடுத்தவரைப் போல இருந்தால் எப்படி இருக்கும்? எனக்கே சங்கடமாகப் போயிற்று.

"என்னைக் கேட்டிருக்கலாமே" என்றார், யாரையும் பார்க்காமல்.

"கேட்டுத்தானே வாங்கினேன்" என்றாள் தங்கை.

"எப்போ?"

"நேத்து. டாக்டர் கேட்டாங்க, நீங்க சொன்னீங்க. நான் பக்கத்துல உட்கார்ந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்? சின்னச் சின்னதா வாங்கு, நடுவுல வயர் போடு, போன வருஷத்ததுன்னா பரவாயில்லைன்னு நீங்கதானே சொன்னீங்க? தேர்ந்தெடுத்தது நீங்க. கடைக்குப் போனது மட்டும்தான் நான்."

மாப்பிள்ளை நிமிர்ந்தார். சுவரில் இருந்த பெட்டியைப் பார்த்தார், இன்னொருவருடைய குழந்தை என்று நினைத்துப் பார்த்தது தன்னுடையது என்று தெரிந்ததும் பார்ப்பதுபோல. எழுந்து போய், ஒரு விரலால் அதைச் சற்றே நேராக்கினார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து எந்தப் பொருளுக்கும் இதுவரை கிடைத்த உச்சபட்ச நற்சான்று அது.

தங்கை சமையலறைக்குள் போகும்போது அவர் தோளை லேசாகத் தொட்டுவிட்டுப் போனாள். "கை வலி எப்படி இருக்கு?" என்று கேட்டாள். அவர் வலிக்கவில்லை என்றார். வலித்தது, தைல வாசனை எனக்கு வந்தது.

அவர் திருந்திவிட்டாரா என்கிறீர்களா? அதற்குள் அவசரப்பட்டால் எப்படி? வருகிறவர்களிடமெல்லாம் "நான் தேர்ந்தெடுத்தது" என்று அந்தப் பெட்டியைக் காட்டுகிறார். அக்கம்பக்கத்தில் யார் ரூட்டர் வாங்குவதானாலும் இவரைக் கேட்டுத்தான் வாங்குகிறார்கள். கேட்டவர்கள் எல்லாம் சுகமாக இருக்கிறார்கள். இப்போது அந்த வீட்டுத் துணிதுவைக்கும் இயந்திரம் தண்ணீரை வெளியே விடாமல் அடம்பிடிக்கிறது. தங்கை இந்தமுறை கணவரிடம் வாங்கச் சொல்லவில்லை. "என் சிநேகிதி ஒருத்தி வாங்கப் போறா, எது நல்லதுன்னு அவளுக்குக் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றுதான் கேட்டிருக்கிறாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். மாப்பிள்ளை தங்கமான மனிதர், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஆனால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இந்தப் புத்தகத்தைத் திறந்ததும் நேரே இந்தப் பக்கத்துக்கா வந்தீர்கள்? பொருளடக்கத்தை மேலும் கீழும் பார்த்து, நாலைந்து கட்டுரைகளின் முதல் வரியை மட்டும் சுவைத்து, பின்னட்டையை வாசித்து, இது எத்தனை பக்கம் என்று புரட்டி, சரி, சின்னதுதான், பார்ப்போம் என்றுதானே உட்கார்ந்தீர்கள்? போகட்டும், அதெல்லாம் எல்லோரும் செய்வதுதான். இதைவிட நல்லதாக ஒன்று பின்னால் இருந்துவிடுமோ என்று, முதல் வரியிலிருந்து இந்த வரிவரைக்கும், அடுத்த கட்டுரையின் பக்கத்துக்குள் ஒரு விரலைச் செருகி வைத்திருக்கிறீர்களே, அந்த விரலைக் கொஞ்சம் பாருங்கள்.